மீன் ஆய்வறிக்கை கையில வந்தா எப்படிப் படிக்கிறது, எப்படிப் பயன்படுத்துறது

"2048ல கடல்ல மீனே இருக்காது" - இந்த வரி ஏதாவது ஒரு ரூபத்துல வருஷா வருஷம் வாட்ஸ்அப்ல வந்துடுது. 2021ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்த ஒரு டாகுமெண்டரி அதுக்கு மறுபடி உயிர் கொடுத்துச்சு. சூழல் ஆர்வலர்கள் ஷேர் பண்ணுவாங்க, கீழ ஒரு போட்டு ஓனர் வந்து "எல்லாம் வெளிநாட்டுக் காசு வாங்கிட்டுப் பேசுறது"ன்னு போடுவார், அதோட பேச்சு முடிஞ்சுது. மூலப் பேப்பரை ரெண்டு தரப்புமே தொறந்துகூடப் பாத்திருக்க மாட்டாங்க.

இதை யாருக்காக எழுதுறேன்னா, மீனவர் சங்கத்துல மனு எழுதுற ஆள், கடற்கரை ஊர் நிருபர், சூழல் அமைப்புல வாலண்டியரா இருக்கற காலேஜ் பசங்க, இவங்களுக்குத்தான். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. பொறுமையா ஒரு மணி நேரம் உக்காந்தா போதும்.

முதல் வேலை: அறிக்கையைப் பிரிண்ட் எடுத்துட்டு மூணு கலர் பேனா வெச்சுக்கங்க. நேரடியா அளந்த விஷயம் எல்லாத்துக்கும் ஒரு கலர். அளந்ததை வெச்சுக் கணக்குப் போட்டோ ஊகிச்சோ சொன்னதுக்கு இன்னொரு கலர். "அதனால இதைத் தடை பண்ணணும், அதைக் குறைக்கணும்"னு வர்ற கோரிக்கைக்கு மூணாவது கலர். சூழல் அமைப்போட அறிக்கையா இருந்தாலும் சரி, அரசாங்கத்தோடதா இருந்தாலும் சரி, ஏற்றுமதிக் கம்பெனிக்காரங்களோடதா இருந்தாலும் சரி, இந்த மூணும் ஒரே பாராவுல கலந்துதான் வரும். முதல் கலர்ல இருக்கற உறுதியை மூணாவது கலருக்கும் சேத்து நம்ம தலையில ஏத்திடுறதுதான் நடக்குது. கீழ சொல்றதெல்லாம் இந்தக் கலர் பிரிக்கறதுக்கான பயிற்சின்னே வெச்சுக்கங்க.

பத்திரிகைக் குறிப்பை மூடி வைங்க

2048 எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாப்போம். 2006 நவம்பர்ல சயின்ஸ் இதழ்ல கனடாவோட டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிஸ் வோர்ம், அவர்கூட இன்னும் பலர் சேந்து ஒரு கட்டுரை போட்டாங்க. கட்டுரையோட முக்கிய விஷயமே வேற, கடல்ல உயிரின வகை குறைஞ்சா கடல் நமக்குக் கொடுக்கற பலன் எல்லாம் எப்படிக் குறையுதுங்கறது. அதுல ஒரு சின்ன இடத்துல உலக மீன்பிடிப்புக் கணக்கை எடுத்து, "சரிஞ்சுபோன" இனங்கள் எத்தனைன்னு எண்ணி, 2003ல அது 29 சதவீதம்னு சொல்லி, அந்தக் கோட்டை அப்படியே முன்னால இழுத்தா 2048ல நூறைத் தொடும்னு எழுதியிருந்தாங்க. பத்திரிகைக் குறிப்புல இதுதான் மேல ஏறுச்சு, உலகம் பூரா தலைப்புச் செய்தி ஆச்சு.

இப்ப "சரிஞ்சுபோச்சு"ன்னா என்ன அர்த்தம்னு கட்டுரைக்குள்ள போய்ப் பாக்கணும். ஒரு இனத்தோட அந்த வருஷப் பிடிப்பு, அதுவரைக்கும் பதிவான உச்சப் பிடிப்புல 10 சதவீதத்துக்குக் கீழ போனா சரிஞ்சதா கணக்கு. கவனிங்க, கடல்ல இருக்கற மீன் இல்ல, பிடிச்சுக் கரைக்கு வந்த மீன். பிடிப்பு குறையறதுக்குக் கடல்ல மீன் குறைஞ்சது ஒரு காரணம்தான். தடை போட்டிருக்கலாம், டீசல் விலை ஏறியிருக்கலாம், வேற மீனுக்கு நல்ல ரேட்டு கிடைச்சு எல்லாரும் அங்க போயிருக்கலாம், கடல் சூடாகி மீன் கூட்டம் இடம் மாறியிருக்கலாம்.

நம்ம பக்கத்துலயே உதாரணம் இருக்கு. கேரளாவுல மத்தி, அதான் நம்ம ஆளுங்க சாளைன்னு சொல்றது, 2012ல கிட்டத்தட்ட 3.9 லட்சம் டன் கரைக்கு வந்துச்சு. 2021ல வெறும் 3,297 டன். மேல சொன்ன வரையறைப்படி பாத்தா உச்சத்துல 1 சதவீதம்கூட இல்ல, ஆகவே சரிஞ்சுபோச்சுன்னு எழுதிடலாம். ஆனா அடுத்தடுத்த வருஷங்கள்ல மறுபடியும் லட்சம் டன்னைத் தாண்டி வந்துச்சு. மத்திங்கறது எல் நினோ (பசிபிக் கடல் சூடாகி வானிலையையே மாத்துறது), மழை, கடல் வெப்பம் எல்லாத்துக்கும் ஆடுற மீன், ஏறும் இறங்கும். அதுக்காக அந்தச் சரிவுக்கும் பிடிப்புக்கும் சம்பந்தமே இல்லன்னும் சொல்ல முடியாது, குஞ்சு மீனை அரிச்சு எடுத்ததும் ஒரு காரணம்னு நம்ம விஞ்ஞானிகளே சொல்லியிருக்காங்க. ஒரே எண்ணை வெச்சு ரெண்டு கதையும் சொல்ல முடியுதுன்னா அந்த எண் பத்தாதுன்னு அர்த்தம்.

2048 கதையோட மீதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, ஃபார்வர்டு மெசேஜ்ல அது மட்டும் வரவே வராது. அந்தக் கட்டுரையைக் கடுமையாத் திட்டினவங்கள்ல முக்கியமானவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ரே ஹில்போர்ன். ரேடியோவுல ரெண்டு பேரையும் பேச வெச்சாங்க, பேசிப் பாத்தா அடிப்படையில அவ்வளவு தூரம் இல்லன்னு தெரிஞ்சு, ஒண்ணா உக்காந்து புது டேட்டா சேத்தாங்க, பிடிப்புக் கணக்கை மட்டும் நம்பாம ஆய்வுக் கப்பல் சர்வே, இருப்பு மதிப்பீடு எல்லாம் சேத்து. (ஒரு கடல் பகுதியில இருக்கற ஒரு இனத்தோட மீன் கூட்டத்தைத்தான் "இருப்பு"ன்னு சொல்றாங்க.) 2009ல அதே சயின்ஸ் இதழ்ல 21 பேர் பேர் போட்டு ஒரு கட்டுரை. நல்லா ஆராய்ஞ்ச 10 கடல் பகுதிகள்ல 5ல மீன்பிடி அழுத்தம் குறைஞ்சிருக்கு, ஆனா மதிப்பிட்ட மீன் இருப்புகள்ல 63 சதவீதம் இன்னும் மீண்டு வரவேண்டிய நிலையிலதான் இருக்குன்னு சொன்னாங்க. நல்ல செய்தி, கெட்ட செய்தி ரெண்டும் இருக்கு. அதனாலதானோ என்னவோ யாரும் ஷேர் பண்ணல.

அதனால, ஒரு அறிக்கை வந்தா மூலக் கட்டுரையைத் தேடுங்க, அதுல அந்தப் பெரிய எண்ணோட வரையறை எங்க இருக்குன்னு பாருங்க, அப்புறம் அதே ஆட்கள் பின்னாடி என்ன எழுதுனாங்கன்னும் தேடுங்க. அந்த மூணாவதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க.

சதவீதம்னு வந்தா உஷார்

"உலகத்துல 90 சதவீத மீன் இருப்பு தீந்துபோச்சு"ன்னு ஒரு போஸ்டர் பாத்திருப்பீங்க. ஐநாவோட உணவு வேளாண் அமைப்பு, எஃப்ஏஓ, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அறிக்கை விடுது. 2016 அறிக்கையில அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டது 31.4 சதவீதம், முழு அளவுக்குப் பிடிக்கப்படுறது 58.1 சதவீதம், இன்னும் பிடிக்க இடம் இருக்கறது 10.5 சதவீதம். முதல் ரெண்டையும் கூட்டுங்க, 89.5. அவ்வளவுதான் அந்த 90. ஆனா முழு அளவுன்னா அந்த இருப்பு தாங்கற உச்ச அளவுல பிடிக்கறாங்கன்னு அர்த்தம், எஃப்ஏஓ கணக்குல அது பாதுகாப்பான பக்கம்தான். தியேட்டர் ஹவுஸ்ஃபுல்னா தியேட்டர் இடிஞ்சுபோச்சுன்னு யாராவது சொல்வாங்களா?

எதிர்ப்பக்கமும் இதே வித்தை தெரியும். 2024 அறிக்கையில 62.3 சதவீத இருப்பு தாங்கற அளவுக்குள்ள இருக்கு, 37.7 சதவீதம் மீறிப்போச்சுன்னு இருக்கு. அதே அறிக்கையில பிடிச்ச மீனோட எடையை வெச்சுப் பாத்தா 76.9 சதவீதம் நல்ல நிலையில இருக்கற இருப்புலேர்ந்து வருதுன்னும் இருக்கு. இண்டஸ்ட்ரி ஆட்கள் 76.9ஐ எடுப்பாங்க, சூழல் அமைப்பு 37.7ஐ எடுக்கும். ரெண்டும் பொய் இல்ல, ஒண்ணு இருப்புகளை எண்ணுது, இன்னொண்ணு டன்னை எண்ணுது. சதவீதம் பாத்தவுடனே "எதுல சதவீதம்"னு மார்ஜின்ல எழுதுங்க. பதில் அறிக்கையிலயே கிடைக்கலன்னா அதை மேற்கோள் காட்டாதீங்க.

நம்ம ஊர் நல்ல செய்திக்கும் இதே ரூல்தான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், சிஎம்எஃப்ஆர்ஐ, 2022ல மதிப்பிட்ட 135 இருப்புல 91.1 சதவீதம் ஆரோக்கியமா இருக்குன்னு சொல்லுச்சு. நல்ல விஷயம். ஆனா 135 இருப்புன்னா அது கடல்ல இருக்கற எல்லா மீனும் இல்ல, மதிப்பிட முடிஞ்ச மீன்கள். அவங்களோட அடிப்படை டேட்டா பெரும்பாலும் இறங்குதளங்கள்ல, அதாவது படகுலேர்ந்து மீனை இறக்குற இடங்கள்ல, மாதிரி எடுத்துப் போடுற கணக்கு. உங்க ஊர்ல கரையோரம் கிடைச்ச மீன் கிடைக்கலன்னு பெரியவங்க சொன்னா, "91 சதவீதம்"னு சொல்லி அவங்க வாயை அடைக்க முடியாது. அவங்க சொல்ற மீன் அந்த 135ல இருக்கான்னு முதல்ல பாருங்க.

எதை அளந்தாங்க

இது கொஞ்சம் கஷ்டம், ஆனா இங்கதான் நிஜச் சண்டையே. கடலுக்குள்ள இருக்கற மீனை யாரும் எண்ண முடியாது. அதனால எத்தனை முயற்சிக்கு எவ்வளவு மீன்பாடுங்கறதை வெச்சு ஊகிக்கறாங்க, நூறு தூண்டிலுக்கு எத்தனை மீன், ஒரு மணி நேரம் மடி (இழுவை வலை) இழுத்தா எத்தனை கிலோ, இந்த மாதிரி. நம்ம மீனவர்களும் மனசுல இதே கணக்குதான் போடுறாங்க, ரெண்டு மணி நேரம் ஓடி ஒரு கூடை வந்த இடத்துல இப்ப ஆறு மணி நேரம் ஓடணும்னு சொல்றாங்களே, அதேதான்.

2003ல ரான்சம் மையர்ஸ், போரிஸ் வோர்ம் ரெண்டு பேரும் நேச்சர் இதழ்ல, பெரிய வேட்டை மீன்கள்ல 90 சதவீதம் போயிடுச்சுன்னு எழுதுனாங்க. அதுக்கு முக்கிய ஆதாரம் ஜப்பான் தூண்டில் கப்பல்களோட பழைய கணக்கு, 1950கள்லேர்ந்து நூறு தூண்டிலுக்கு எத்தனை மீன். புது இடத்துல முதல் சில வருஷம் நிறைய மாட்டுச்சு, அப்புறம் மடமடன்னு இறங்குச்சு. சூழல் அமைப்புகள் அந்த 90ஐப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா பசிபிக் சூரை (டூனா) மீனையே தொழிலாப் படிக்கிற விஞ்ஞானிகள் 2005ல அதே நேச்சர்ல மறுப்பு எழுதுனாங்க, தூண்டில்ல மாட்டுறது குறைஞ்ச வேகத்துல கடல்ல மீன் குறையலை, வேற டேட்டாவும் சேத்துப் பாத்தா சூரை இனங்களோட சரிவு இவ்வளவு இல்லன்னு. சூரை குறையலன்னு அவங்க சொல்லல, 90ங்கற எண்ணுதான் தகராறு.

இப்ப இதையே தலைகீழாப் பாருங்க. கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து காட் மீன். அங்க அரசாங்க விஞ்ஞானிகள் 1980கள்ல பெரிய இழுவைக் கப்பல்களோட மீன்பாட்டை நம்பி, மீன் பெருகுதுன்னு நினைச்சுட்டாங்க. மீன் எண்ணிக்கை குறைஞ்சாலும் இருக்கறது ஒரே இடத்துல கூட்டமாச் சேரும், கப்பல்ல கருவிகள் வேற நல்லாயிருக்கு, நேரா கூட்டத்துக்கு மேலயே போய் நிக்குது, அப்ப மணிக்கு இத்தனை டன்னுங்கற கணக்கு குறையவே குறையாது. கரையோரம் சின்னப் படகுல போறவங்கதான் "மீன் சின்னதாகிட்டே வருது, கரைப்பக்கம் வர்றதில்ல"ன்னு கத்திக்கிட்டே இருந்தாங்க, கோர்ட்டு வரைக்கும் போனாங்க. விஞ்ஞானிகள் தப்பை உணர்ந்து 1989க்கு 1,25,000 டன்னுக்கு மேல வேணாம்னு சொன்னப்ப அமைச்சர் 2,35,000 டன் கொடுத்தார், ஏன்னா வேலை போயிடும்னு பயம். 1992 ஜூலை 2ம் தேதி மொத்தமா மூடினாங்க, 30,000 பேருக்கு மேல வேலை போச்சு.

ஆக மீன்பாட்டுக் கணக்கு ஒரு இடத்துல இல்லாத அழிவைக் காட்டும், இன்னொரு இடத்துல இருக்கற அழிவை மறைக்கும். அறிக்கையில டேட்டா எங்கேர்ந்துன்னு பாத்து, பிடிப்பா, மீன்பாடா, ஆய்வுக் கப்பல் சர்வேயான்னு குறிச்சுக்கங்க. சர்வேன்னா ஒரே வலை, ஒரே இடம், ஒரே சீசன்னு வருஷா வருஷம் இழுத்துப் பாக்கறது, கொஞ்சம் கூடுதலா நம்பலாம். ரெண்டு மூணு வகை டேட்டா ஒரே பக்கம் காட்டுச்சுன்னா இன்னும் நல்லது. ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்தா அந்த முரணைப் பத்தி அறிக்கையில ஒரு வரியாவது இருக்கணும், இல்லன்னா சந்தேகப்படுங்க. மீனவர் சொல்றதும் டேட்டாதான், அதை "அனுபவக் கதை"ன்னு ஓரம் தள்ளுற அறிக்கையை நான் கொஞ்சம் குறைச்சுத்தான் மதிப்பேன்.

எச்சரிக்கை வேற, ஜோசியம் வேற

அட்லாண்டிக் ப்ளூஃபின் சூரை, மத்தியதரைக் கடல்ல முட்டை போடுறது, ஜப்பான்ல சுஷிக்குத் தங்க விலை. அதை நிர்வகிக்கிற சர்வதேச அமைப்பு ஐசிகேட். அவங்களோட விஞ்ஞானிகள் குழுவே 15,000 டன் பக்கத்துல நிறுத்துங்கன்னு சொல்லியும் உறுப்பு நாடுகள் 2007க்கு 29,500 டன் ஒதுக்கிக்கிட்டாங்க. திருட்டுப் பிடிப்பும் சேத்தா அந்த வருஷம் நிஜமாப் பிடிச்சது 61,000 டன் இருக்கும்னு அதே விஞ்ஞானிகள் மதிப்பிட்டாங்க. 2008ல வெளி ஆட்களை வெச்சு நடத்துன பரிசீலனையில இந்த நிர்வாகத்தை சர்வதேச அவமானம்னே எழுதிட்டாங்க.

இந்த நேரத்துல 2009ல டபிள்யூடபிள்யூஎஃப்ங்கற சர்வதேச சூழல் அமைப்பு வந்து, இப்படியே போனா 2012ல முட்டை போடுற பெரிய சூரையே இருக்காதுன்னு அறிவிச்சுது. 2010 மார்ச்ல தோஹாவுல, அழியற உயிரினங்களோட வணிகத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச மாநாட்டுல, இந்த மீனோட சர்வதேச வணிகத்தையே தடை பண்ணணும்னு மொனாக்கோ தீர்மானம் கொண்டுவந்து, ஜப்பான் எதிர்த்து நின்னு, தீர்மானம் தோத்துப்போச்சு. 2012ம் வந்துச்சு, மீன் அழியல. பின்னாடி பெருக ஆரம்பிச்சு, 2021ல அழிவு அபாயத்துல இருக்கற உயிரினங்களை வரிசைப்படுத்துற சிவப்புப் பட்டியல்ல "கவலை குறைவு"ங்கற இடத்துக்கே வந்துடுச்சு.

அப்ப அந்த அமைப்பு பொய் சொல்லுச்சா? இங்கதான் கலர் பேனா வேலை செய்யும். "விஞ்ஞானிகள் சொன்னதைவிட ரெண்டு மடங்கு ஒதுக்குறீங்க" - முதல் கலர், அப்பட்டமான உண்மை. "2012" - ரெண்டாவது கலர், இப்படியே போனாங்கற நிபந்தனை அதுல இருக்கு. அப்படியே போகல, அதான் விஷயம்: 2009க்கு 22,000 டன், 2010க்கு 13,500, 2011க்கு 12,900ன்னு வெட்டுனாங்க, கண்காணிப்பையும் இறுக்குனாங்க. அந்த வெட்டுக்குப் பின்னால இந்த அமைப்புகளோட சத்தமும் இருந்துச்சுன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா தேதி போட்டு அழிவைச் சொல்றதுக்கு ஒரு விலை உண்டு, தேதி தாண்டினதும் அடுத்த எச்சரிக்கையை யாரும் காதுல வாங்க மாட்டாங்க. நீங்க அறிக்கை எழுதுறவரா இருந்தா நிபந்தனையை வாக்கியத்தோட முன்னாலயே போடுங்க, அடிக்குறிப்புல ஒளிச்சு வைக்காதீங்க.

அழகான காரணக் கதை

எனக்குத் தெரிஞ்சு இந்த விஷயத்துல இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. 2007ல சயின்ஸ்ல மையர்ஸ் குழு ஒரு கட்டுரை போட்டாங்க: அமெரிக்கக் கிழக்குக் கரையில பெரிய சுறாவைப் பிடிச்சு அழிச்சதால, சுறாவுக்கு இரையாகுற கௌநோஸ்ங்கற திருக்கை பெருகிடுச்சு, அந்தத் திருக்கை ஸ்காலப் சிப்பியைத் தின்னுத் தீத்துடுச்சு, நார்த் கரோலினாவுல நூறு வருஷமா நடந்த சிப்பித் தொழில் மூடிப்போச்சு. சுறாவைக் காப்பாத்தணும்னு பேசுறவங்களுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

கதை கரைக்கு வந்தப்ப என்ன ஆச்சு தெரியுமா, சுறாவைக் காப்பாத்தணுங்கறதுக்குப் பதிலா "அப்ப திருக்கையைக் கொல்லணும்"னு ஆகிப்போச்சு. அதே கரையில இருக்கற செசபீக் வளைகுடாவுல, திருக்கையைத் தின்னு வளைகுடாவைக் காப்பாத்துங்கன்னு பிரசாரம், அம்பு விட்டு அடிக்கிற போட்டிகள் வேற. பாவம் அந்தத் திருக்கை முதிர்ச்சிக்கு வரவே ஏழெட்டு வருஷம், அப்புறமும் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி. 2016ல டீன் கிரப்ஸ் குழு வேற டேட்டாவோட வந்து, திருக்கை அவ்வளவு வேகமாப் பெருக உயிரியல்படியே வாய்ப்பில்ல, சிப்பி குறைஞ்ச காலமும் திருக்கை கூடினதாச் சொல்ற காலமும் பொருந்தல, சங்கிலியில பல கண்ணி கிடையவே கிடையாதுன்னு காட்டுனாங்க. 2017ல மேரிலாந்து மாநிலம் அந்தக் கொலைப் போட்டிகளுக்குத் தற்காலிகத் தடை கொண்டுவந்துச்சு.

அ குறைஞ்சதால ஆ கூடி, ஆ கூடினதால இ போச்சுன்னு யாராவது சொன்னா ஒவ்வொரு படிக்கும் தனித்தனியா ஆதாரம் கேளுங்க. எது முதல்ல நடந்துச்சுன்னு வருஷம் போட்டு ஒரு சின்ன அட்டவணை கிறுக்கிப் பாத்தாலே பல கதை அங்கேயே நின்னுடும். சுறாவைக் காக்கணுங்கறதுக்கு நல்ல காரணங்கள் தனியா இருக்கு, அதுக்கு இந்தக் கதை தேவையே இல்ல.

கோடு எங்க போட்டிருக்காங்க

சின்ன விஷயம், ஆனா இப்ப அடிக்கடி வருது. மீன் இருப்பு "அபாய" நிலையில இருக்கா "கவனம்" நிலையில இருக்காங்கறது ஒரு கோட்டை வெச்சு முடிவாகுது. மேல சொன்ன கனடா காட் மீனுக்கு 2023ல புது மாடல்படி அந்தக் கோட்டைக் கீழ இறக்குனாங்க, இருப்பு அபாயத்துலேர்ந்து கவனத்துக்கு வந்துடுச்சு. 2024 ஜூன்ல 32 வருஷத் தடையை முடிச்சு 18,000 டன் கொடுத்தாங்க. ஓஷியானா கனடா மாதிரி சூழல் அமைப்புகள் கடுமையா எதிர்த்தாங்க. கோடு மாறுனதுக்கு 1954 வரைக்கும் பின்னால போற பழைய டேட்டாவைச் சேத்த நியாயமான காரணம் இருந்துச்சு, ஆனா மீன் பெருகித்தான் நிலை மாறுச்சுன்னு சாதாரண ஜனம் நினைச்சுக்கும். நிலை மாறுச்சுன்னு செய்தி வந்தா மீன் நகர்ந்துச்சா கோடு நகர்ந்துச்சான்னு பாருங்க.

காசு யார் கொடுத்தது

2016ல க்ரீன்பீஸ்ங்கற சூழல் அமைப்பு, முன்னாடி சொன்ன ரே ஹில்போர்ன் மீன்பிடித் தொழில்காரங்க கிட்ட நிறையப் பணம் வாங்கி எல்லா இடத்துலயும் அதைச் சொல்லலன்னு குத்தம் சாட்டுச்சு. அவர், சூழல் அமைப்புகள் கிட்டயும்தான் ஆராய்ச்சிக்கு வாங்கியிருக்கேன்னார். அந்தப் பக்கம் ப்யூ மாதிரி பெரிய அறக்கட்டளைகள் பல வருஷமா மீன் ஆராய்ச்சிக்குக் காசு கொடுத்துட்டு இருக்காங்க. பாருங்க, கண்டிப்பாப் பாருங்க, ஆனா காசு எங்கேர்ந்துன்னு தெரிஞ்சா கூடுதலா ஒரு தடவை படிக்கணும்னுதான் அர்த்தம், தூக்கிப் போடலாம்னு இல்ல. கணக்கு தப்பான்னு கணக்கைப் பாத்துத்தான் சொல்லணும்.

கோரிக்கைக்கு வருவோம்

நம்ம கரையைத் தொட்ட கேஸ் இறால் மடியும் ஆமையும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1990லயே, மனுஷனால ஆமை சாகுறதுல மத்த காரணம் எல்லாம் சேந்ததைவிட இறால் இழுவை மடிதான் அதிகம்னு சொல்லிடுச்சு, அது அமெரிக்கக் கடலை வெச்சு. ஆமையைக் காக்காம பிடிச்ச இறாலை இறக்குமதி பண்ணக்கூடாதுன்னு அமெரிக்கா 1989ல போட்ட சட்டத்தை எல்லா நாட்டு இறாலுக்கும் முழுசாப் பொருத்தணும்னு எர்த் ஐலண்ட் இன்ஸ்டிட்யூட்ங்கற சூழல் அமைப்பு வழக்குப் போட்டு ஜெயிச்சுது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலும் உலக வர்த்தக அமைப்புக்குப் போச்சு. 1998ல தீர்ப்பு: ஆமையைக் காக்கறது நியாயம்தான், ஆனா நீங்க அதைச் செஞ்ச விதம் பாரபட்சம். பின்னாடி அமெரிக்கா விதத்தைத் திருத்திக்கிச்சு, சட்டம் நின்னுச்சு. 2019லேர்ந்து நம்ம கடல் இறால் அந்த மார்க்கெட்டுக்குப் போக முடியல, பண்ணை இறால் போயிட்டிருக்கு.

அந்தச் சட்டம் கேக்கறது மடியில மாட்டுற ஆமை விலக்கி, அதாவது கம்பிச் சட்டமும் மேலயோ கீழயோ ஒரு திறப்பும், இறால் கம்பி நடுவுல போயிடும், ஆமை முட்டி வெளிய வந்துடும். இதோட மூல ஐடியா அமெரிக்காவோட ஜார்ஜியா மாநிலத்துல சிங்கி பூன்ங்கற இறால் மீனவரோடது, மடியில ஜெல்லி மீன் அடைச்சுக்கிட்டுத் தொல்லை தாங்காம செஞ்சது. விஞ்ஞானிகள் அதைத்தான் எடுத்து மெருகேத்துனாங்க. இதை ஏன் சொல்றேன்னா, கோரிக்கை எழுதுறப்ப பிரச்னை உண்மையாங்கறது ஒரு கேள்வி, தீர்வு இந்தக் கடல்ல, இந்த மடியில, இந்த ஆளுங்க கையில வேலை செய்யுமாங்கறது தனிக் கேள்வி, செலவு யார் தலையிலங்கறது மூணாவது. முதல் கேள்விக்கு இருக்கற ஆதாரத்தை வெச்சு மத்த ரெண்டையும் தாண்டிப் போறது எங்க பாத்தாலும் நடக்குது.

சுருக்குமடி, அதாவது மீன் கூட்டத்தைச் சுத்தி வளைச்சு அடியைச் சுருக்கிப் பிடிக்கிற பெரிய வலை, அதைப் பத்தின சண்டையும் அப்படித்தான். தமிழ்நாட்டுல 2000லேர்ந்து தடை, 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால திங்கள், வியாழன் மட்டும் காலை 8லேர்ந்து மாலை 6 வரைக்கும்னு இடைக்கால அனுமதி கொடுத்துச்சு. இதுல பாதி, மீன் தாங்குமாங்கற கேள்வி, அதுக்கு விஞ்ஞானம் பதில் சொல்லலாம். மீதிப் பாதி, இருக்கற மீன் நாட்டுப்படகுக்காரனுக்கா பெரிய மடிக்காங்கற பங்குச் சண்டை. அதை விஞ்ஞானம் தீக்காது, தீத்த மாதிரி யாராவது எழுதுனா மூணாவது கலரை எடுத்துக்கங்க.

மனு எழுதுறப்ப

நீங்க எந்தப் பக்கமா இருந்தாலும் சரி, அரசாங்கம் வரைவு விதி போட்டுக் கருத்துக் கேட்டா முதல் பக்கத்துல கோரிக்கை ஒரே ஒரு வரி. ரெண்டாவது, அதுக்கு ஆதாரமா அளந்த விஷயம் மட்டும், இடம், வருஷம், யார் அளந்ததுன்னு சேத்து. மூலக் கட்டுரையோ அறிக்கையோ அந்தக் குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து இணைங்க, 200 பக்கத்தைக் கட்டிக் கொடுத்தா எவரும் பிரிக்க மாட்டாங்க. உங்க ஆதாரத்துல எது பலவீனம்னு நீங்களே ஒரு பாரா எழுதிடுங்க, எதிர்த்தரப்பு வக்கீல் எழுதறதுக்கு முன்னாடி.

உள்ளூர் டேட்டா இல்லன்னா உருவாக்குங்க. சங்கத்துல நாலஞ்சு போட்டை வெச்சு எத்தனை மணி நேரம் மடி இழுத்தாங்க, என்ன மீன் எத்தனை கிலோ, எந்தக் கண்ணி அளவு, எந்தப் பாகம், இதை ஒரு நோட்டுல தினமும் எழுத வைங்க. தடைக்காலம் முடிஞ்சு ஜூன் 15ம் தேதி போட்டு இறங்குற அன்னிக்கே ஆரம்பிக்கறது நல்லது, ஒப்பிட ஒரு தொடக்கப் புள்ளி கிடைக்கும். நல்லா வந்த நாளை மட்டும் எழுதக்கூடாது, வெறும் மடியோட வந்த நாளும் கட்டாயம் எழுதணும், அது இல்லாத நோட்டு செல்லாது.

சிஎம்எஃப்ஆர்ஐ ஆண்டறிக்கைகள் நெட்ல இலவசமாவே கிடைக்குது, மாநில வாரியா, மீன் வாரியா கணக்கு இருக்கும். அதுல இல்லாதது வேணும்னா ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டப்படி மனு) போடுங்க, 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. "மீன்வளம் பத்தின தகவல் கொடுங்க"ன்னு பொதுவாக் கேட்டா பொதுவாவே பதில் வரும். இந்த மாவட்டம், இந்த இனம், இந்த வருஷத்துலேர்ந்து இந்த வருஷம் வரைக்கும், எந்த வலையில வந்ததுன்னு பிரிச்சு, எந்தெந்த இறங்குதளத்துல மாதிரி எடுத்தீங்கன்னும் சேத்துக் கேளுங்க. உங்க ஊர் இறங்குதளம் அந்த லிஸ்ட்ல இல்லன்னு தெரிஞ்சா அதையே மனுவோட ரெண்டாவது பாராவா போட்டுடுங்க.